கீக்ரோன் கே2 அல்லது கே6 விசைப்பலகை: பாமினியில் காணி உறுதி தட்டச்சுச் செய்பவருக்கு எது பொருந்தும்?

கல்முனைத் தட்டச்சர் கேட்கிறார்:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். கல்முனையில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதிகளையும் அற்றோணித் தத்துவப் பத்திரங்களையும் தட்டச்சுச் செய்வது என் வேலை. மாலையில் வீட்டிலும் மடிக்கணினியில் மொழிபெயர்ப்பு வேலைகள் சில செய்து வருகிறேன். அலுவலக மேசையில் ஒரு பக்கம் கோவைகள், மறுபக்கம் நில அளவையாளரின் வரைபடம் விரித்தபடி இருக்க, நடுவில் எஞ்சும் இடத்தில் பெரிய விசைப்பலகையை வைத்தால் மவுஸ் மேசை விளிம்புக்குப் போய்விடுகிறது. ஆகவே, பையில் எடுத்துச் சென்று இரண்டு இடத்திலும் பயன்படுத்தக்கூடிய சிறிய, கம்பியில்லாத மெக்கானிக்கல் விசைப்பலகை ஒன்றை வாங்க முடிவு செய்துள்ளேன்.

பார்த்தவற்றுள் இரண்டு மனதில் நிற்கின்றன. ஒன்று கீக்ரோன் கே2, மற்றது அதே நிறுவனத்தின் கே6. இரண்டிலும் புளூடூத் 5.1 உள்ளது, இரண்டையும் மூன்று சாதனங்களுடன் இணைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம், இரண்டின் மின்கலமும் 4000 மில்லியம்பியர் மணி கொண்டது. கே2இல் 84 விசைகள், கே6இல் 68 விசைகள் என்பதே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. கே6 இன்னும் சிறியது என்பதால் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. தமிழில் பாமினி எழுத்துருவின் விசை முறையில் மட்டுமே தட்டச்சுச் செய்கிறேன். வீட்டில் பிள்ளைகள் உறங்கிய பின்னரே வேலை தொடங்குவதால் சத்தம் குறைவாகவும் இருக்க வேண்டும். இவற்றைப் பயன்படுத்தியவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாவிக்கரை எழுதுகிறார்:

சகோதரி, நீங்கள் கேள்வியின் இறுதியில் சொன்ன பாமினி என்ற ஒன்றை வைத்துத்தான் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டும். மட்டக்களப்பில் சஞ்சிகைகளுக்கும் நினைவு மலர்களுக்கும் பக்க வடிவமைப்புச் செய்பவன் என்ற வகையில், பாமினியில் விரல் பழகிய ஒருவருக்குச் சிறிய விசைப்பலகை எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. படத்தில் கே6 மிகச் சிறியதாகத் தெரிந்தாலும் அகலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் ஒரு வரிசை, பதினாறு விசைகள் பிடிக்கும் இடத்தை நிரப்புகிறது. கே2இல் மேலே எஃப்1 முதல் எஃப்12 வரையான வரிசை கூடுதலாக இருப்பதால், அது முன்பின்னாக இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல் மவுஸுக்குப் பக்கவாட்டில் இடமில்லை என்பது. அதைத் தீர்ப்பது வலப்பக்க எண்பலகை இல்லாமற் போவதே. அந்த ஆதாயம் இரண்டிலும் சமமாகக் கிடைக்கிறது. கே6ஐ வாங்குவதால் மேசையில் ஓர் அங்குலம்கூட அகலம் மிஞ்சப் போவதில்லை.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பாமினியில் ‘ஹ’ எங்கே இருக்கிறது என்று உங்கள் இடக்கைச் சிறுவிரலைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றாம் இலக்கத்துக்கு இடப்புறம், எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள அந்த மூலை விசைதான் ‘ஹ’. கே2இல் எஃப் வரிசை இருப்பதால் எஸ்கேப் மேலே தனியாக நிற்க, ‘ஹ’ தன் இடத்திலேயே இருக்கிறது. கே6இல் எஃப் வரிசை இல்லை. எஸ்கேப் கீழே இறங்கி ‘ஹ’வின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘ஹ’ வேண்டுமானால் வலப்புறம் அடிவரிசையில் உள்ள எஃப்என் விசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் எஸ்கேப்பை அழுத்த வேண்டும்.

சென்னையில் இருந்து ஆங்கிலத்தில் நிரல் எழுதுபவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கல்முனையில், மருதமுனையில், சாய்ந்தமருதில், அக்கரைப்பற்றில் காணி உறுதி எழுதுபவருக்கு? ‘முஹம்மது’ என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் பெயரில் ஒரு முறை, வாங்குபவர் தந்தை பெயரில் ஒரு முறை, எல்லை சொல்லும் இடத்தில் ‘வடக்கே இன்னாருடைய வளவு’ என்று மீண்டும் ஒரு முறை, சாட்சிகளின் பெயரில் இன்னும் ஒரு முறை என ஒரே உறுதியில் எத்தனை தடவை வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளும் இருப்பிடத்தை விட்டு எழும்பும். வேகத்தில் எஃப்என் விசையை மறந்தால் எஸ்கேப் மட்டும் அழுத்தப்படும். வேர்ட் மென்பொருள் அதற்குச் சத்தமும் போடாது, எழுத்தும் இடாது. ‘முஹம்மது’ சத்தமில்லாமல் ‘மும்மது’ ஆகிவிடும். செய்திக் கடிதத்தில் இப்படி நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பதிவு செய்யப்பட்ட உறுதியில் நேர்ந்தால் திருத்த உறுதி எழுத வேண்டிய நிலை வரும்.

‘ஜ’, ‘ஸ’, ‘ஷ’ ஆகிய மூன்றும் வலக்கைப் பக்கத்துச் சதுர அடைப்புக்குறி விசைகளிலும் பின்சாய்வுக்கோட்டு விசையிலும் இருப்பதால் இரண்டு மாதிரிகளிலும் தப்பிவிடுகின்றன. மாட்டிக்கொள்வது ‘ஹ’ ஒன்றே. உங்கள் ஊருக்கும் உங்கள் தொழிலுக்கும் அந்த ஒன்று போதும் என்பதால் என் தெரிவு தயக்கமின்றிக் கே2தான்.

ஒலுவில் மாணவன் எழுதுகிறார்:

மேலே எழுதியுள்ள அண்ணனின் கருத்தை மதிக்கிறேன். எனினும் கே6ஐப் பயன்படுத்துபவன் என்ற வகையில் மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் தமிழ்99 முறையில் தட்டச்சுச் செய்கிறேன். அதில் ‘ஹ’ என்பது ஷிஃப்டுடன் ஆங்கில ஆர் விசையில் இருக்கிறது. ‘ஸ’, ‘ஷ’, ‘ஜ’ ஆகியனவும் அதற்கு இடப்புறமாக அதே மேல்வரிசையில் வரிசையாக இருப்பதால் மூலை விசையின் தேவையே எழவில்லை. பாமினியிலிருந்து மாறுவதற்குச் சகோதரி முன்வந்தால் இந்தச் சிக்கல் முழுவதும் நீங்கிவிடும், யூனிகோடிலும் நேரடியாக எழுதலாம்.

பாமினியை விட முடியாது என்றாலும் விசைகளை இடம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற மென்பொருளில் விசைகளை மாற்றியமைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் எஸ்கேப்பை மூலை விசையாகவும், கேப்ஸ் லொக்கை எஸ்கேப்பாகவும் மாற்றிவிட்டால் போதும்.

கே6இல் எனக்குள்ள ஒரே குறை வேறு. பத்து நிமிடம் ஒன்றும் தட்டாமல் இருந்தால் புளூடூத் உறங்கிவிடுகிறது. பிறகு தட்டும் முதல் எழுத்துகள் விசைப்பலகையை எழுப்புவதற்கே செலவாகிவிடுகின்றன, திரையில் வருவதில்லை. விரிவுரைக் குறிப்பு எடுக்கும்போது இது எரிச்சலூட்டும். கே2இலும் இதே ஏற்பாடுதான் என்பதால் இதை வைத்து ஒன்றை மற்றதைவிட உயர்த்திச் சொல்ல முடியாது.

கல்முனைத் தட்டச்சர் எழுதுகிறார்:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘ஹ’ விடயம் எனக்குத் தோன்றவே இல்லை. விற்பனைப் பக்கங்களில் எழுதியிருந்த கருத்துகள் எவற்றிலும் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பி சொன்ன யோசனைகள் குறித்துச் சில விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். அலுவலகத்தில் பழைய உறுதிகளின் கோப்புகள் யாவும் பாமினி எழுத்துருவிலேயே உள்ளன. பழைய கோப்பைத் திறந்து பெயரையும் விஸ்தீரணத்தையும் எல்லைகளையும் மாற்றித்தான் புதியதைத் தயாரிக்கிறோம் என்பதால் எழுத்துருவையோ தட்டச்சு முறையையோ நான் தனியாக மாற்ற முடியாது. அந்தக் கணினியை இன்னும் இருவர் பயன்படுத்துகிறார்கள், அதில் எதையும் நிறுவுவதற்கு எனக்கு அனுமதியில்லை. அது பழைய மேசைக் கணினி, அதில் புளூடூத்தும் கிடையாது. வீட்டு மடிக்கணினியில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி முறையைத் தெரிவு செய்து யூனிகோடில் எழுதுகிறேன்.

வாவிக்கரை எழுதுகிறார்:

இந்த விவரத்தால் தம்பியின் இரண்டாவது யோசனை அலுவலகத்தில் அடிபட்டுப் போகிறது. வீட்டிலும் அதைச் சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும். பாமினி எழுத்துருவை நேரடியாகப் பயன்படுத்தும்போது கணினிக்குப் போவது ஆங்கிலக் குறியீடுதான், அதை ‘ஹ’ என்று காட்டுவது எழுத்துரு. ஆகவே விசையை எப்படி மாற்றினாலும் எழுத்து வந்துவிடும். யூனிகோடில் எழுதும்போதோ ஒரு மென்பொருள் விசையை இடம் மாற்ற, இன்னொரு மென்பொருள் அதே விசையைப் பிடித்துத் தமிழாக்க முயல்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது மாற்றப்பட்ட விசை தமிழாக்கத்துக்குள் போகாமல் வெறும் குறியாகத் திரையில் விழ இடமுண்டு. ஷார்ப்கீஸ் போன்ற மென்பொருள், விண்டோஸ் பதிவேட்டில் மாற்றத்தை எழுதிக் கணினியை மறுதொடக்கம் செய்த பின் இயங்குவதால் இந்த மோதலைத் தவிர்க்கும். ஆனால் அது மடிக்கணினியின் சொந்த விசைப்பலகையையும் சேர்த்தே மாற்றிவிடும். அங்கே மூலை விசை ஏற்கெனவே இருக்க, எஸ்கேப்பும் ‘ஹ’ ஆகிவிடுவது வேண்டாத வேலை.

உண்மையில் கே6 வடிவம்தான் வேண்டும் என்றிருந்தால் கே6 புரோ என்ற மாதிரியைப் பார்க்கலாம். அதில் வயா மென்பொருளைக் கொண்டு, கம்பியில் இணைத்து, விசைகளின் இடத்தை ஒரு முறை மாற்றிவிட்டால் அந்த மாற்றம் விசைப்பலகைக்குள்ளேயே பதிந்துவிடும். பிறகு எந்தக் கணினியில் செருகினாலும் அங்கே ஒன்றும் நிறுவத் தேவையில்லை. சாதாரண கே6இல் இந்த வசதி இல்லை. பெயரில் ‘புரோ’ இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வாங்க வேண்டிய இடம் இது.

தமிழ்99க்கு மாறுவது பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல முறைதான், புதிதாகக் கற்பவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பகலில் பாமினியும் இரவில் தமிழ்99உம் என்று ஒரே விரல்களை இரண்டு வழியில் ஓட்டச் சொல்வது, ஒரு விசைப்பலகையின் வசதிக்காகத் தட்டச்சாளரை வருத்துவதாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கே2, கே6 இரண்டுக்கும் பொதுவானது. இரண்டிலும் வலப்பக்க ஷிஃப்ட் குட்டையானது. அதற்கு வலப்புறம் ஒட்டியபடி மேல்நோக்கிய அம்பு விசை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வலப்பக்க ஷிஃப்ட் எப்போதாவது பெரிய எழுத்துக்கு மட்டும் வேண்டும். பாமினியில் ‘கு’, ‘சு’, ‘பு’, ‘று’ எல்லாமே இடக்கை விரலும் வலப்பக்க ஷிஃப்டும் சேர்ந்து வருபவை. ‘மற்றும்’ என்ற சொல்லைக்கூட அந்த ஷிஃப்ட் இல்லாமல் எழுத முடியாது. பெரிய விசைப்பலகையில் சிறுவிரலை நீட்டி நீண்ட ஷிஃப்டின் எந்த மூலையில் வைத்தாலும் சரியாக விழும். இதில் அதே பழக்கத்தில் நீட்டினால் விரல் அம்பின்மீது விழுந்து, சுட்டி மேல்வரிக்கு ஏறி, ‘று’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ என்று மேல்வரியின் நடுவில் ஓர் எழுத்து நுழைந்துவிடும். இது நாளடைவில் கைக்குப் பழகிவிடக்கூடியதுதான். ஆயினும் பழகும் வரை முக்கியமான உறுதிகளைப் பழைய விசைப்பலகையிலேயே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கல்லடி பழுதுபார்ப்பவர் எழுதுகிறார்:

வடிவத்தைப் பற்றி அண்ணன் நிறையச் சொல்லிவிட்டார். நான் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். கல்லடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பதால் இங்கே விசைப்பலகைகள் எதனால் கெடுகின்றன என்பதை நாளும் பார்க்கிறேன்.

கே2 என்ற ஒரே பெயரில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள சுவிட்சுகள் பலகையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். மற்றதில், பெட்டியுடன் வரும் இடுக்கியால் சுவிட்சைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம். இரண்டாவதையே வாங்குங்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள எங்கள் ஊரிலும் சரி, கடலோரத்தில் உள்ள கல்முனையிலும் சரி, உப்புக் காற்றும் ஈரமும் உலோகத் தொடுமுனைகளைச் சும்மா விடுவதில்லை. ஒரு விசை இரண்டு எழுத்தாக விழத் தொடங்கினால், அல்லது அழுத்தியும் விழாமற் போனால், செருகும் வகையில் அந்த ஒரு சுவிட்சை நீங்களே மாற்றிவிடலாம். ஒட்டிய வகை என்றால் ஈயத்தை உருக்கி எடுக்க எங்களிடம் வர வேண்டும். (எனக்கு வருமானம் வரும் வழியை நானே அடைக்கிறேன் என்று வீட்டில் ஏசுவார்கள்.) செருகும்போது சுவிட்சின் இரண்டு செப்புக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் செங்குத்தாக அழுத்த வேண்டும். வளைந்த காலோடு அமுக்கினால் அது உள்ளே மடங்கிவிடும்.

அடுத்த எதிரி எறும்பு. மேசையில் சீனி போட்ட பிளேன்ரீ ஒரு துளி சிந்தினாலும் அது விசைகளுக்குள் வழி கண்டுபிடித்துவிடும். விசை மூடிகளைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவலாம், ஆனால் நன்றாக உலர்ந்த பின்னரே திரும்பப் பூட்ட வேண்டும்.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீல சுவிட்சை எண்ணிப் பார்க்கவே வேண்டாம், ஒவ்வொரு தட்டுக்கும் சொடுக்கும் ஓசை எழுப்புவதற்காகவே அது செய்யப்பட்டது. சிவப்பு சுவிட்ச் தடையில்லாமல் இறங்கும், அதை அழுத்த ஏறத்தாழ 45 கிராம் விசை போதும். கபில நிறச் சுவிட்சுக்கு ஏறத்தாழ 55 கிராம் வேண்டும், நடுவில் ஒரு சிறு முட்டு விரலுக்குத் தெரியும். எழுத்து பதிவதற்கு ஏறத்தாழ பாதித் தூரம் அழுத்தினாலே போதும். அலுவலகத்தில் பழைய விசைப்பலகையில் ஓங்கித் தட்டிப் பழகியவர்கள் இதிலும் அடிவரை குத்துவார்கள், இரவில் கேட்கும் சத்தத்தில் பெரும்பங்கு அந்தக் குத்துதான். விசைப்பலகைக்கு அடியில் தடித்த துணியோ றப்பர் விரிப்போ போட்டால் மேசை அதிர்வது குறையும். அதற்கு மேல் முற்றான அமைதியை மெக்கானிக்கல் விசைப்பலகையில் எதிர்பார்க்க வேண்டாம்.

அலுவலகக் கணினியில் புளூடூத் இல்லை என்பது சிக்கலே அல்ல. பக்கத்தில் உள்ள சிறு சுவிட்சைக் கம்பி நிலைக்குத் தள்ளிவிட்டு, உடன்வரும் யூஎஸ்பி சி கம்பியால் செருகுங்கள். மின்கலமும் சார்ஜ் ஆகும், தம்பி சொன்ன உறக்கச் சிக்கலும் கம்பியில் இராது. வீட்டுக்குப் போனதும் புளூடூத் நிலைக்குத் தள்ளினால் மடிக்கணினியுடன் இணைந்துவிடும். அலுவலகத்திலும் கம்பி வேண்டாம் என்றால் ராயல் குளூட்ஜ் ஆர்கே84 என்றொரு மாதிரி இருக்கிறது. அதுவும் கே2இன் வடிவம்தான், 84 விசைகள், ‘ஹ’வும் தன் இடத்தில் இருக்கும். அதனுடன் 2.4 கிகாஹேர்ட்ஸ் யூஎஸ்பி வாங்கி (கணினியில் செருகும் சிறு ரிசீவர்) ஒன்றும் வருவதால் புளூடூத் இல்லாத கணினியிலும் கம்பியின்றி இயங்கும். கீக்ரோன் கே2இல் அந்த வாங்கி கிடையாது.

வெளிநாட்டுத் தளத்தில் காட்டும் விலையைப் பார்த்து மலிவு என்று எண்ண வேண்டாம். 2024 ஜனவரி முதல் பெறுமதிசேர் வரி 18 சதவீதம், அதற்கு முன்னால் ஏறும் இறக்குமதி வரிகள் வேறு. லித்தியம் மின்கலம் உள்ள பொதியை விமானத்தில் அனுப்பச் சில அனுப்புநர்கள் மறுப்பதும் உண்டு. கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா போன்ற இடங்களில் உத்தரவாதத்தோடு வாங்குவது கொஞ்சம் கூடினாலும் நல்லது. பழுது என்றால் பொருளைக் கொழும்புக்கு அனுப்பும் கூலி யாருடையது என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அனுப்பும் கூலியோடு பார்த்தால் புதிய சுவிட்சு ஒரு பொதியே வாங்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒலுவில் மாணவன் எழுதுகிறார்:

கல்லடி நானாவுக்கு நன்றி. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ முடியாது என்று சகோதரி சொன்ன பிறகு நானும் கே2 பக்கமே வருகிறேன். கே6இன் நன்மை பையில் வைக்கும்போது மட்டுமே தெரிகிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: கே2, கே6 இரண்டும் முன்பக்கம் உயரமானவை, மணிக்கட்டை மேசையில் ஊன்றித் தட்டுபவர்களுக்குச் சில மணி நேரத்தில் வலி வரும். மணிக்கட்டுத் தாங்கி ஒன்று வேண்டியிருக்கும், அதற்கும் மேசையில் இடம் ஒதுக்க வேண்டும்.

கல்முனைத் தட்டச்சர் எழுதுகிறார்:

கே2, செருகும் வகை, கபில சுவிட்ச் என்று முடிவு செய்துவிட்டேன். விஸ்தீரணம் எழுதும்போது ஏக்கர், றூட், பேர்ச் என்று இலக்கங்கள் நிறைய வருவதால் எண்பலகை இல்லாதது மட்டும் யோசனையாக இருக்கிறது. ஒரு யூஎஸ்பி எண்பலகையைத் தனியாக வாங்கி, தேவையானபோது மட்டும் இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாமா?

வாவிக்கரை எழுதுகிறார்:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம், விண்டோஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இடக்கையால் எண்பலகையைத் தட்டிப் பழகக் காலம் எடுக்கும் என்பதால், முதலில் அது இல்லாமல் மேல்வரிசை இலக்கங்களிலேயே சில உறுதிகளைச் செய்து பாருங்கள். பிறகும் தேவைப்பட்டால் கம்பியுள்ள மலிவான ஒன்றே போதும். கொழும்புக் கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லி, கம்பியில் இணைத்து, அங்குள்ள கணினியில் பாமினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூலை விசையையும் வலப்பக்க ஷிஃப்டோடு சேரும் இடக்கை விசைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒரு விசையும் இரட்டிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின் பணத்தைக் கொடுங்கள்.